ஒலி நீக்கப்பட்ட ஏலம்

1

இந்தக் கதை ஒரு மேல்முறையீட்டு மனுவில் மிஞ்சியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரலைத் தளம் மனு எழுதத் தரும் பெட்டிக்குள் ஒரு பத்திக்கு மேல் போகாது. நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். பெட்டி விழுங்கியதைப் பெட்டிக்குக் கொடுத்தேன். துப்பியதை இங்கே பொறுக்கிச் சேர்த்திருக்கிறேன். ஆகவே நடுவில் எங்காவது "மேற்படி", "தங்கள் மேலான கவனத்துக்கு" என்று வந்தால், அது மனுவின் வாடை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் லமீஸ். அம்மான் நகரின் கீழ்க்கடைத் தெருவில் 'சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து, பிறப்புச் சான்றிதழ்களையும் விவாகரத்துப் பத்திரங்களையும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றிக் கொடுக்கிறேன். கதையும் எழுதுவேன். அது பலகையில் இல்லை.

இதற்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஹாஷ்மி வட்டாரத்தின் மேல் புறாக்கள் எழும்போது, வானம் ஒரு—"

[வானம் ஒரு என்ன? ஒன்றுமில்லை. வானம் வானமாகத்தான் இருந்தது. நிறுத்திவிட்டேன்.]

"ருவைதாவுக்கு நாற்பது வயதில்தான் தனக்கென்று ஒன்று கிடைத்தது—"

[இது எனக்குப் பிடித்திருந்தது. ருவைதா படித்துப் பார்த்து, வயதை எடு என்றாள். வயதை எடுத்தால் வாக்கியம் நிற்கவில்லை.]

மூன்றாவது தொடக்கம் ஒரு பாட்டின் முதல் வரி. எங்கள் ஊரில் எந்தக் கல்யாணமும் அந்தப் பாட்டு இல்லாமல் நடக்காது. பதிப்பகத்தார், பாட்டு வரியை அச்சில் எடுத்தாள அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். யாரிடம் என்று கேட்டேன். அது தங்களுக்குத் தெரியாது, ஆனால் வாங்க வேண்டும் என்றார்கள். ஆகவே:

[இங்கே ஒரு பாட்டின் வரி இருந்தது.]

இனித் தொடங்கலாம்.

2

ருவைதா எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில், தன் அண்ணன் நாயிஃபின் குடும்பத்தோடு இருப்பவள். பகலில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசை. நாயிஃப் பேருந்து ஓட்டி ஓய்ந்தவர். மொட்டைமாடி முழுக்கப் புறா வளர்க்கிறார். அவர் மனைவி ஸிஹாமுக்குப் புறாவின் இறகு, எச்சம், குரல், பேச்சு எதுவும் ஆகாது. துவைத்த துணியைக் காயப்போட மாடிக்குப் போனால் திரும்ப ஒருமுறை துவைக்க வேண்டியிருக்கிறது என்பது அவளுடைய நீண்டகால வழக்கு. போதாததற்கு மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாடியில் ஓர் அறை கட்ட வேண்டும் என்றாகிவிட்டது. பாதிப் பறவைகளாவது போயாக வேண்டும்.

நாயிஃபுக்கு விற்கத் தெரியாது. வாங்க வருகிறவரிடம் பறவையின் குறைகளையெல்லாம் எடுத்துச் சொல்லி அனுப்பிவிடுவார். அதனால் ருவைதா ஒரு பக்கம் தொடங்கினாள். வெள்ளிதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடியிலிருந்து நேரலையில் புறா ஏலம். அண்ணனின் புறாக்களோடு தொடங்கியது, வட்டாரத்தின் மற்ற புறாக்காரர்களும் கூண்டைத் தூக்கிக்கொண்டு வருகிற அளவுக்கு வளர்ந்தது. மருத்துவமனையில் நாளெல்லாம் "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று மட்டும் சொல்கிறவள், மாடியில் கைபேசி முன்னால் நின்றால் ஜர்கா, இர்பித் போன்ற வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் அவள் பேச்சைக் கேட்கவே நேரலைக்கு வந்தார்கள்.

பின்னணியில் பாட்டு இல்லாமல் என்ன ஏலம்? போட்டாள். மேலே மூன்றாவது தொடக்கத்தில் இல்லாத அந்தப் பாட்டைத்தான்.

தளம் ஒலியை நிறுத்தியது. எச்சரிக்கை வந்தது.

3

இந்தப் பகுதியைக் கட்டுரை என்று நினைத்துத் தாண்டிப் போகலாம். ஆனால் ருவைதாவால் தாண்ட முடியவில்லை.

எச்சரிக்கை வந்ததும் கட்டடமே சட்ட ஆலோசனை மன்றமாகிவிட்டது. கொஞ்ச நேரம் மட்டும் போட்டால் குற்றமில்லை என்றார் கீழ்வீட்டு முடிதிருத்துபவர். காசு கொடுத்து வாங்கிய பாட்டு என்றால் யாரும் கேட்க முடியாது என்றார் நாயிஃப். அவரிடம் ஒலிநாடாவே இருந்தது. "யாருடைய உரிமையையும் மீறும் எண்ணமில்லை" என்று கீழே எழுதிவிட்டால் போதும் என்று ஸிஹாமின் மகன் சொன்னான். பாட்டைக் கொஞ்சம் வேகப்படுத்தினால் இயந்திரத்துக்கு அடையாளம் தெரியாது என்று ஒரு புறாக்காரர் சொன்னார். வேகப்படுத்திப் போட்டார்கள். பாடகி எலியைப் போலக் கீச்சிட்டாள். இயந்திரம் அப்போதும் கண்டுபிடித்தது. இரண்டாவது எச்சரிக்கை.

அதன் பிறகுதான் என்னிடம் வந்தார்கள். தளத்தின் விதிமுறைகளை உட்கார்ந்து படித்தேன். பிறர் விவாகரத்தைப் படித்துப் பழகியவளுக்கு அது ஒன்றும் கடினமில்லை. எல்லா ஆலோசனைகளும் தவறு. ஒரு பாட்டை வாங்குவது என்பது அதைக் கேட்கும் உரிமையை வாங்குவது. நாலு பேருக்கு ஒலிபரப்ப வேறு அனுமதி வேண்டும். அந்த அனுமதியும் ஒன்றல்ல. மெட்டுப் போட்டவர் ஒருவர், அதைப் பாடிப் பதிவு செய்தவர் இன்னொருவர். இருவருமே சம்மதிக்க வேண்டும். எண்ணம் நல்லதா கெட்டதா என்று எவரும் கேட்பதில்லை. இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் வந்தால் பக்கத்தையே மூடிவிடுவார்கள்.

ருவைதா கேட்டுவிட்டு, "சரி, இனிமே பாட்டே வேணாம். புறா சத்தம் மட்டும் போதும். புறாவுக்கு யாரும் மெட்டுப் போடலையே?" என்றாள்.

நான் விதிமுறைகளை இன்னொரு முறை பார்த்துவிட்டு, போடவில்லை என்றேன்.*

* இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கும்போது ருவைதா ஒன்று கேட்டாள். இதை அவள் தன் பக்கத்தில் உரக்க வாசிக்க வேண்டுமென்றால் என்னிடம் அனுமதி வாங்க வேண்டுமா? விதிப்படி, ஆம். இவ்வளவு பக்கங்களாக உரிமையாளர்களைத் திட்டிக்கொண்டிருக்கும் நான், யோசித்துச் சொல்கிறேன் என்று பதில் சொன்னேன்.

4

இப்போது கஹ்லா வருகிறாள்.

கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் இருப்பதால் அந்தப் பெயர். நாயிஃபின் கூண்டில் அவளுக்கு மேல் ஒன்றில்லை. எவ்வளவு உயரம் போனாலும் பறக்கவிட ஆட்டும் கொடியை அவர் இறக்கிய உடனே மாடிக்கு வந்துவிடுவாள். அவளுடைய ஜோடியைப் போன வருஷம்தான் இதே ஏலத்தில் ஜர்காவைச் சேர்ந்த ஃபவ்வாஸ் வாங்கிப் போயிருந்தார். இப்போது கஹ்லாவின் முறை. அறை கட்டுகிற கொத்தனார் அளவெடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அன்று மாடியில் நாயிஃப், ருவைதா, நான், கூண்டோடு வந்த சில புறாக்காரர்கள். கைபேசி முக்காலியில். பாட்டு கிடையாது. ஃபவ்வாஸ் ஜர்காவில் தன் திரைச்சீலைக் கடையிலிருந்து பார்த்துக்கொண்டு, விலைக்கு மேல் விலை ஏற்றி எழுதிக்கொண்டிருந்தார். ஏலம் கேட்ட மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள். ருவைதா அண்ணன் பக்கம் திரும்பி, "ஃபவ்வாஸுக்கே குடுத்துடலாமா?" என்று கேட்டாள்.

அந்த நேரத்தில் கேஸ் வண்டி வந்தது.

எங்கள் ஊர் கேஸ் வண்டிக்கு ஒரு மெட்டு உண்டு. பழைய ஜெர்மானிய பியானோ மெட்டு. பொம்மைக்குள்ளிருந்து வருவதுபோல ஒலிபெருக்கியில் வரும். அதை உருவாக்கியவர் இறந்து இருநூறு வருஷம் ஆகப்போகிறது. அவர் எதை நினைத்து எழுதினாரோ, இங்கே அதைக் கேட்டால் சிலிண்டர் ஞாபகம்தான் வரும். வழக்கமாக அது தெருமுனையில் தொடங்கித் தெருமுனையில் தேய்ந்துவிடும். அன்று ஸிஹாம், மாடிக் கூட்டத்துக்குக் காப்பி வைக்கும்போது அடுப்பு அணைந்துவிட, சமையலறை ஜன்னலிலிருந்து கையைத் தட்டி வண்டியை நிறுத்திவிட்டாள். வண்டி நின்றது. மெட்டு நிற்கவில்லை.

நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, அதை அணைக்கச் சொல்லி ஓட்டுநரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். புறாக்கள் கூண்டுக்குள் படபடத்தன. திரும்பியபோது நாயிஃபின் வாய் அசைந்து முடிந்திருந்தது. ருவைதா கைபேசியையே வெறித்தாள். "பதிப்புரிமை உள்ள இசை. ஒலி நீக்கப்பட்டது. நேரலை முடிக்கப்பட்டது." மூன்றாவது எச்சரிக்கை.

மெட்டு எவருக்கும் சொந்தமில்லை. அதை எங்கோ ஒருவர் வாசித்துப் பதிவு செய்திருந்தார். பதிவு ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். இயந்திரத்துக்கு எங்கள் கேஸ் வண்டி, அந்த நிறுவனம் போலக் கேட்டது.

5

[இங்கே ஃபவ்வாஸைப் பற்றி எழுதிய ஒரு பக்கத்தை நீக்கியிருக்கிறேன். அதில் அவருக்குத் தொப்பையும், சுண்டுவிரலில் மோதிரமும், கோணல் சிரிப்பும் கொடுத்திருந்தேன். கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டியிருந்தது. நேரில் பார்த்தபோது அவர் ஒல்லியாக, சட்டைப் பையில் தானியத்தோடு, கொஞ்சம் தூக்கம் கெட்டவர்போல இருந்தார். மோதிரம் இல்லை.]

மறுநாளே அவர் காலிக் கூண்டோடு வந்தார். ஏலம் முடிந்துவிட்டது, பறவை தன்னுடையது என்றார். நாயிஃப், நான் விற்கவே இல்லை என்றார். பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். படம் ஓடியது. சத்தமில்லை. நாயிஃபின் தடித்த மீசைக்குக் கீழே என்னவோ நடந்தது. தலை மேலே போனது. பிறகு கீழே வந்தது.

எங்கள் ஊரில் தலையை மேலே தூக்கினால் இல்லை என்று அர்த்தம். கீழே ஆட்டினால் ஆமாம். இயந்திரம் இரண்டையும் பத்திரமாக வைத்திருந்தது, வார்த்தையைத் தவிர.

ஃபவ்வாஸ் அன்று போய்விட்டார். அடுத்த வாரம் பெரியவர்களை அழைத்துக்கொண்டு முறைப்படி வந்தார்.

6

பெண் கேட்கவும், கொலைக்குச் சமாதானம் பேசவும் வருவதுபோல ஒரு புறாவுக்காக வந்தார்கள். தலைமை ஹாஜி மிஸ்பாஹ். வட்டாரத்தில் பாதிக் கல்யாணம் அவர் பேசி முடித்தது. கூடத்தில் ஆண்கள். சமையலறையில் நாங்கள் மூவர்: ஸிஹாம், ருவைதா, நான். கதவு திறந்தே இருந்தது.

காப்பி போனது. ஹாஜி தன் கோப்பையை வாய் வைக்காமல் கீழே வைத்தார். கேட்டதைக் கொடுக்கும்வரை குடிப்பதில்லை என்று அர்த்தம். மற்றவர்களும் வைத்தார்கள். ஹாஜி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாயிஃப், உங்க வீட்டுப் பொண்ணை எங்க பையனுக்குக் கேட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "புறாவை. புறாவைக் கேட்டு வந்திருக்கோம்."

ருவைதா கைத்துண்டைக் கடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நான் சண்டைக்கு வரல," என்றார் ஃபவ்வாஸ். "நீங்க தலையாட்டுனீங்க. ஜர்காவே பாத்துச்சு."

"மேல தூக்குனேன். மேல தூக்குனா இல்லைன்னு அர்த்தம்."

"அப்புறம் கீழ வந்துச்சே?"

"தூக்குன தலை கீழ வராம அங்கேயே நிக்குமா?"

ஹாஜி சாட்சி கேட்டார். அன்று மாடியில் இருந்த புறாக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பாதிப் பேர் விற்றார் என்றார்கள், பாதிப் பேர் விற்கவில்லை என்றார்கள். ஹாஜி அவர்கள் பக்கமே திரும்பவில்லை. புறா வளர்ப்பவன் சாட்சி செல்லாது. இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாடியில் நின்று அடுத்த வீட்டைப் பார்ப்பவன், வழிதவறி வந்த பறவையைத் தன்னுடையது என்று சத்தியம் செய்பவன் என்பது அதற்குக் காரணம். எத்தனையோ சட்டங்களை மொழிபெயர்த்திருக்கிறேன். எதிலும் அப்படி ஒரு பிரிவைப் பார்த்ததில்லை. எழுதப்பட்ட எந்தச் சட்டமும் இந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்பட்டதையும் பார்த்ததில்லை.

பிறகு என் பெயர் வந்தது. மாடியில் இருந்தவள், புறா இல்லாதவள், சத்தியப்பிரமாணம் செய்தவள். ஹாஜியின் முகம் தெளிந்தது.

"அவங்க கதை எழுதுறவங்க, ஹாஜி," என்றார் ஃபவ்வாஸ், மரியாதையாகத்தான்.

ஹாஜி யோசித்தார். புறாக்காரரா, கதைக்காரியா, எது மேல் என்று அவர் மனத்தில் ஒரு தராசு ஆடியது எனக்குத் தெரிந்தது. நான் அவருக்குச் சிரமம் வைக்கவில்லை. கேஸ் வண்டியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன், ஒன்றும் காதில் விழவில்லை என்று கதவருகில் வந்து சொன்னேன்.

கூடத்தில் காப்பியெல்லாம் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. நாயிஃப் தரையைப் பார்த்தார். அவர் தோற்கப்போகிறார் என்று எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்கிறவருக்கு உள்ள கோபம் அவரிடம் இல்லை.

அப்போது ஸிஹாம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னைத் தாண்டி வாசற்படியில் போய் நின்றாள்.

"நான் கேட்டேன் ஹாஜி," என்றாள். "மாட்டேன்னுதான் சொன்னார். இவ விலைக்கு இல்லைன்னு சொன்னார்."

ருவைதா என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஸிஹாம் மொட்டைமாடிக்குக் கீழே சமையலறையில், ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்போடு, சிலிண்டர்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அது தெருவுக்கே தெரியும். ஆனால் அவள் புறாவை வெறுப்பவள் என்பதும் தெருவுக்கே தெரியும். தன் வழக்குக்கு எதிராகத் தானே சாட்சி சொல்கிற ஒருத்தியை எந்த நீதிபதியாலும் சந்தேகிக்க முடியாது.

ஹாஜி மெல்லத் தன் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். "முடிஞ்சுது," என்றார். மற்றவர்களும் குடித்தார்கள். ஃபவ்வாஸ் கடைசியாக எடுத்தார். முழுவதும் குடித்தார். கூண்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது நாயிஃபின் தோளைத் தொட்டு, போன வருஷம் வாங்கிய அந்த ஆண்புறா சரியாகத் தீனி எடுப்பதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பின்னால் ஸிஹாமிடம் ஏன் என்று கேட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவருக்குப் பொய் சொல்ல வராது, லமீஸ். வீட்டுல யாராவது ஒருத்தர் சொல்லணும்ல?"

7

கதை இங்கே முடிந்திருக்கலாம். இந்த இடத்தில் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் ஃபவ்வாஸ் ஆண்புறாவைக் கொண்டுவந்து கஹ்லாவோடு விட்டுவிடுகிறார். எல்லோரும் அழுகிறார்கள். [யாரும் அழவில்லை. வரியை அடித்துவிட்டேன்.]

இன்னொன்றில் கஹ்லா தானாகவே ஜர்காவுக்குப் பறந்து— [புறாக்கதை எழுதுகிற எவரும் இதைத்தான் எழுதுவார்கள்.]

நடந்தது வேறு. என் மனு ஜெயித்துவிட்டது.

ஏலத்தன்று இரவே அனுப்பிய அதை நான் மறந்தேபோயிருந்தேன். பெட்டிக்குள் போன அந்த ஒரே பத்தியில் மெட்டு பொதுச்சொத்து, பதிவுதான் தனிச்சொத்து, மேற்படி கேஸ் வண்டியில் ஒலித்தது தங்கள் பதிவே அல்ல, தெருச் சத்தத்தை நாங்கள் தேர்ந்தெடுக்கவும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதியிருந்தேன். நிறுவனம் பதில் சொல்லவில்லை. ஆகவே தளம் எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எச்சரிக்கை ரத்து. ஒலி திரும்பக் கொடுக்கப்படும். பக்கத்தின் உரிமையாளர் இப்போதே கேட்கலாம். நாளை முதல் எல்லோரும் கேட்கலாம்.

எல்லோரும் என்றால் ஃபவ்வாஸும். ஹாஜி மிஸ்பாஹும்.

அன்று சாயங்காலம் ருவைதா என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். நாயிஃபும் இருந்தார். கஹ்லாவைக் கையில் வைத்திருந்தார். நான் அவரிடம் நேராகவே கேட்டேன், அன்று என்ன சொன்னீர்கள் என்று.

"எனக்கே தெரியல," என்றார். "குடுக்கக் கூடாதுன்னுதான் மனசுல இருந்துச்சு. ஆனா கொத்தனார் வந்துட்டுப் போனது, பையன் மூஞ்சி, எல்லாம் சேந்து... வாய் என்ன சொல்லுச்சோ. அந்தப் பாட்டு வேற." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "விக்கலைன்னுதான் சொல்லியிருப்பேன்னு வச்சுக்கிட்டேன்."

அவர் பறவையைக் கூண்டில் விட்டுவிட்டுக் கீழே போனார்.

வீடியோவை நீக்கிவிடலாமே என்றேன் ருவைதாவிடம். நீக்கினால், சாட்சியை மறைத்துவிட்டாள் என்று ஜர்கா பேசும் என்றாள். கம்பெனிக்காரன் ஒலியை அடைத்தால் அது விதி. அவளே அடைத்தால் அது பொய்.

"திரும்ப எழுது," என்றாள்.

"என்னன்னு?"

"அது அவங்க பாட்டுதான்னு எழுது. நாங்க தெரியாம தகராறு பண்ணிட்டோம், மன்னிச்சுக்கோங்கன்னு எழுது."

அப்படி எழுதினால் எச்சரிக்கை திரும்பி வந்துவிடும், இனித் தெருவில் ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் பக்கம் போய்விடும் என்று சொன்னேன். அவளுக்குத் தெரியாததல்ல. தளத்தின் விதிகளை இப்போது அவள் என்னைவிட நன்றாகச் சொல்வாள்.

"ஸிஹாம் அந்த வாசப்படியில நின்னாளே, மாட்டுனா என்ன ஆகும்னு அவளுக்கு மட்டும் தெரியாதா?" என்றாள். "எழுது."

எழுதினேன். பதிப்புரிமைக்காரர்களிடம் இதுவரை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கெஞ்சியிருக்க மாட்டார்கள். மேற்படி இசை ஐயத்துக்கிடமின்றித் தங்களுடையதே. அதைக் கேட்ட கணமே நாங்கள் உணர்ந்திருக்க வேண்டும். தயவுசெய்து எங்கள் ஒலியை மீண்டும் நீக்கித் தருமாறு தங்கள் மேலான கவனத்துக்கு.

8

வாசகரே, இனி உங்களிடம்.

அனுப்புவதற்கு முன்னால் ருவைதா தேநீர் ஊற்றினாள். சர்க்கரை இல்லை. நான் எடுத்து வருகிறேன் என்று கீழே போனேன். அவள் அங்கே தனியாக, கையில் கைபேசியோடு இருந்தாள். ஒலியோடு கூடிய அந்த ஏலம் அதில் இருந்தது. கேட்க ஒரு விரல் போதும்.

கேட்டிருந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். நாயிஃப் "குடுத்துடு" என்று சொன்னது கேட்டிருக்கும். அல்லது "மாட்டேன்" என்பது கேட்டு, ஸிஹாமின் பொய் அவளுக்கே தெரியாமல் உண்மையாகியிருக்கும். அப்படியானால் இந்த இரண்டாவது மனுவே வீண். அல்லது கேஸ் வண்டியைத் தவிர வேறெதுவும் கேட்டிருக்காது. மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றும் நன்றாகவே வந்தன. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்க வேண்டாம். ஜர்காவில் திரைச்சீலை வாங்கப் போனால் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

நான் சர்க்கரையோடு திரும்பி வந்தபோது, ருவைதா கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். மனு போய்விட்டிருந்தது. தேநீர் ஆறிவிட்டதா என்று கேட்டேன்.

"இல்ல, சூடாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு முகத்தைக் கூண்டுகள் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. சர்க்கரை போட்டுக் கலக்கினேன்.